நாவுக்கு ஊதியம்

மனிதனைப் படைத்து, அவனுக்கு விளக்கிப் பேசும் ஆற்றலையும் கற்றுக்கொடுத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். மிகக் குறைந்த சொற்களில் மிக நிறைந்த பொருளைச் சொல்லும் பேற்றினைப் பெற்றிருந்த நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ரபீஉல் அவ்வல் பிறை தென்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு எழுந்துவிடுகிறது. இவ்வாண்டு மீலாது மேடைக்கு யாரை அழைப்பது? அவரிடம் தேதி இருக்கிறதா? அவர் எவ்வளவு எதிர்பார்ப்பார்? முன்பெல்லாம் மூன்றாவது கேள்வியை மெல்லிய குரலில் கேட்டார்கள். இப்பொழுது அதுவே முதல் கேள்வியாகிவிட்டது. மார்க்கப் பேச்சு ஒரு தொழிலாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

இதுபற்றி இரு சாரார் கேட்கிறார்கள். கொடுப்பது கூடுமா, எவ்வளவு கொடுப்பது என்று ஜமாஅத் பொறுப்பாளர்கள் கேட்கிறார்கள். வாங்குவது பாவமா, பேச்சையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று மதரஸாவிலிருந்து ஸனது பெற்று வெளிவரும் இளம் மௌலவிகள் கேட்கிறார்கள். இருவர் கேள்வியும் நியாயமானதே. எனவே, மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

நபிமார்களின் வழக்கம்

திருமறையின் ஷுஅரா அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகிய ஐந்து நபிமார்களின் வரலாறு அதில் அடுத்தடுத்து வருகிறது. ஐவரும் வெவ்வேறு சமூகத்தாரிடம் வெவ்வேறு தீமைகளைக் கண்டித்தவர்கள். ஆயினும் ஒரு வாக்கியத்தை மட்டும் ஐவரும் மாற்றாமல் சொன்னார்கள். இந்த அழைப்புக்காகத் தாம் மக்களிடம் எந்தக் கூலியும் கேட்கவில்லை, தமது கூலி அகிலத்தாரின் இரட்சகனிடமே இருக்கிறது என்பதே அது. ஐந்து முறை அல்லாஹ் அதைத் திரும்பச் சொல்வது வீணுக்கல்ல.

யாஸீன் அத்தியாயத்தை நம் வீடுகளில் ஓதாத வாரம் இல்லை. அதில் பட்டணத்தின் கோடியிலிருந்து ஒரு மனிதர் ஓடி வருகிறார். எவரைப் பின்பற்ற வேண்டும் என்று தம் மக்களுக்கு அவர் இரண்டு அடையாளங்களைச் சொல்கிறார். அவர்கள் உங்களிடம் கூலி கேட்காதவர்கள் என்பது ஒன்று. அவர்கள் நேர்வழியில் இருப்பவர்கள் என்பது மற்றொன்று (36:20, 21). மேடையில் ஏறுகிறவரை நிறுத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த தராசு ஏது?

அப்படியானால் நபிமார்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள்? உழைத்து வாழ்ந்தார்கள். தாவூது (அலை) தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஜகரிய்யா (அலை) தச்சுத் தொழில் செய்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் நாயகம் (ஸல்) அவர்களே மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்கு மேய்த்ததைத் தம் வாயால் சொல்லியிருக்கிறார்கள். உழைப்பு அவர்களின் கண்ணியத்தைக் குறைக்கவில்லை. எவருக்கும் அஞ்சாமல் பேசும் துணிவைத்தான் தந்தது.

கூலி கூடுமா?

ஆனால், இங்கேயே நிறுத்திவிட்டு, ஆலிம்கள் பட்டினி கிடந்து பயான் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வோமானால் அது அநியாயம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவானதும், தமது தொழில் தம் குடும்பத்துக்குப் போதுமானதாகவே இருந்தது, இப்பொழுது முஸ்லிம்களின் காரியங்களில் ஈடுபட வேண்டியிருப்பதால் தம் குடும்பம் பொது நிதியிலிருந்து உண்ணும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். ஒருவரின் நேரத்தைச் சமுதாயம் எடுத்துக்கொள்ளுமானால் அவர் குடும்பத்தின் பொறுப்பையும் அது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

குர்ஆனைக் கொண்டு கூலி பெறுவது பற்றி இரண்டு ஹதீஸ்கள் பெரிதும் பேசப்படும். பயணத்தில் இருந்த ஸஹாபாக்களில் ஒருவர், விஷக்கடி பட்ட ஒருவருக்கு ஃபாத்திஹா ஓதி ஊதி, அதற்குக் கூலியாக ஆடுகளைப் பெற்றார். நாயகம் (ஸல்) அதைச் சரி கண்டது மட்டுமல்ல, கூலி பெற மிகத் தகுதியானது அல்லாஹ்வின் வேதமே என்றும் சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. மறுபுறம், திண்ணைத் தோழர்கள் சிலருக்கு ஓதிக்கொடுத்த உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்களுக்கு ஒருவர் வில் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, நெருப்பு வளையத்தை அணிய விரும்பினால் அதை ஏற்றுக்கொள்ளும் என்று நாயகம் (ஸல்) எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது.

இவற்றை வைத்து இமாம்கள் ஆராய்ந்தார்கள். ஷாஃபியீ மத்ஹபில் குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுவது கூடும். ஹனஃபீ மத்ஹபின் முற்கால இமாம்கள் அதைக் கூடாது என்றார்கள். பின்னர் பைத்துல்மாலிலிருந்து ஆலிம்களுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோயிற்று. கூலி இல்லையென்றால் கற்பிப்பாரும் இல்லை, தொழவைப்பாரும் இல்லை, மார்க்கமே பாழாகிவிடும் என்ற நிலை ஏற்பட்டபோது பிற்கால ஹனஃபீ இமாம்கள் கற்பித்தல், இமாமத், பாங்கு ஆகியவற்றுக்குக் கூலி பெற அனுமதித்தார்கள். ஹிஜ்ரி 1252-இல் மறைந்த அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், வஃளு என்னும் உபதேசத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்திருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். அதே சமயம், கூலிக்குக் குர்ஆன் ஓதி மையித்துக்குச் சேர்ப்பிப்பதை அவர்கள் வன்மையாக மறுத்தார்கள். ஏன்? முன்னதில் சமுதாயத்தின் தேவை இருக்கிறது. பின்னதில் அது இல்லை.

இதில்தான் நுட்பம் இருக்கிறது. அனுமதி வந்தது தேவையினால். தேவைக்காக வந்த அனுமதி தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. வழிச்செலவு தேவை. இழந்த நாளுக்கு ஈடு தேவை. மனைவி மக்களின் உணவும் உடையும் தேவை. பக்கத்து ஊர்க்காரர் வாங்கியதைவிடக் கூடுதலாக வாங்க வேண்டும் என்பது தேவையா? தேதி கொடுத்து முன்பணமும் பெற்றுக்கொண்ட சிற்றூரைக் கைவிட்டு, அதிகம் தரும் நகருக்குப் போவது தேவையா? அது வாக்கு மீறல். வாக்களித்தால் மாறு செய்வது முனாஃபிக்கின் அடையாளம் என்பதைப் பேச்சாளரே எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பார்!

பேச்சு விலைக்கு வந்தால்

கூலியால் வரும் பெரிய ஆபத்து பணத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் மகன் திருமணத்தில் மஹரைப் பெயருக்கு வைத்துவிட்டுக் கைக்கூலியை ரொக்கமாக எண்ணி வாங்கினார் என்பது ஊரறிந்த செய்தி. அடுத்த ஆண்டும் இதே மேடை வேண்டும் என்று நினைக்கும் பேச்சாளரின் நா, அன்று கைக்கூலியைப் பற்றிப் பேசுமா? வட்டியைப் பற்றிப் பேசுமா? சகோதரியின் வாரிசுப் பங்கைக் கொடுக்காதவர்களைப் பற்றிப் பேசுமா? பேசாது. கைக்கூலி வாங்கியவரிடம் கூலி வாங்குகிறவர் எப்படிப் பேச முடியும்? ஆகவே கிஸ்ஸாக்களும் நகைச்சுவையும் மற்ற ஜமாஅத்தார் மீதான வசைகளும் அந்த இடத்தை நிரப்புகின்றன. சபை சிரிக்கிறது, கலைகிறது. ஊர் இருந்தபடியே இருக்கிறது.

இது இன்று தோன்றிய நோயல்ல. ஹிஜ்ரி 597-இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஜீ (ரஹ்) பக்தாதின் மாபெரும் உபதேசி. 1184-ஆம் ஆண்டு அங்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அவர்களின் சபையில் மக்கள் கதறி அழுது தவ்பா செய்ததை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அந்த இமாமே கதை சொல்லிகளைப் பற்றித் தனிநூல் எழுதி, அவர்களின் தந்திரங்களை வெளிப்படுத்தினார்கள். வணக்கத்தால் வாடியவர்போல் தோன்றச் சீரகத்தைக்கொண்டு முகத்தை வெளுக்கச் செய்தவர்கள் இருந்தார்களாம். முகர்ந்தால் கண்ணீர் வரும் பொருளைக் கையில் வைத்திருந்தவர்கள் இருந்தார்களாம். இன்று சீரகம் தேவைப்படவில்லை. ஒலிபெருக்கியும் கைப்பேசிப் படப்பிடிப்பும் போதும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையும் ஒரு கூலிதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படும் மூவரில் ஒருவர், கற்றுப் பிறருக்கும் கற்பித்தவர் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆலிம் என்று சொல்லப்படுவதற்காகவே நீ கற்றாய், அது சொல்லப்பட்டுவிட்டது என்று அவருக்குக் கூறப்படும். பின்னர் முகங்குப்புற நரகுக்கு இழுக்கப்படுவார். அல்லாஹ் காப்பாற்றுவானாக! இந்த ஹதீஸை நினைக்கும் ஆலிமின் கால்கள் மேடைப் படியில் சற்று நடுங்கவே செய்யும். அந்த நடுக்கம் இருக்கும் வரையில் அவருக்குப் பயமில்லை.

மேடை ஏறும் ஆலிமுக்கு

அருமை இளம் ஆலிம்களே! பேச்சாற்றல் வளர வேண்டும் என்று விரும்புவது குற்றமல்ல. மூஸா (அலை) அவர்களும் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்று துஆச் செய்தார்கள். ஏன் கேட்டார்கள்? மக்கள் தம் பேச்சை விளங்கிக்கொள்வதற்காக (20:27, 28). அதுவே உங்கள் நிய்யத்தாகவும் இருக்கட்டும்.

பெரிய மேடையைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் மஹல்லாப் பள்ளியில் ஸுப்ஹுக்குப் பின் ஐந்து நிமிடம், ஒரே ஒரு ஹதீஸ், அதிலிருந்து ஒரே ஒரு பாடம் என்று தொடங்குங்கள். ஆதாரத்தை உறுதிப்படுத்தாமல் எதையும் நாயகத்தின் பெயரால் சொல்லாதீர்கள். நாயகம் (ஸல்) பேசினால் சொற்களை எண்ணிவிடலாம் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். விளங்குவதற்காக ஒரு சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். வேகமும் கூச்சலும் ஸுன்னத்தல்ல. தொழுகையை நீட்டி, குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் விளக்கத்துக்கு அடையாளம் என்ற நபிமொழியை அம்மார் (ரலி) சொல்லிக்காட்டினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) வியாழன்தோறும் உபதேசம் செய்வார்கள். தினமும் சொல்லுங்களேன் என்று ஒருவர் கேட்டபோது, உங்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

முடிந்தால் வயிற்றுக்கு வேறொரு வழியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கடை, ஒரு மதரஸா வேலை, ஏதேனும் ஒரு கைத்தொழில் இருந்தால் உங்கள் நா விடுதலையாக இருக்கும். தந்தால் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஆசைப்படாமலும் கேட்காமலும் வரும் பொருளை ஏற்றுக்கொள்ளும்படியும், வராததன் பின்னே மனத்தை அலையவிடாதிருக்கும்படியும் உமர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை உங்களுக்கும் உரியதே. தர இயலாத ஏழை மஹல்லாவுக்கும் ஆண்டில் சில நாட்களை ஒதுக்கி வையுங்கள். உங்கள் இக்லாஸை நீங்களே சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஜமாஅத்தாருக்கு

பொறுப்பாளர்களே! பேச்சாளர்கள் விலை கேட்கிறார்கள் என்று குறைசொல்லும் முன் உங்கள் பள்ளியின் கணக்கைப் பாருங்கள். பேஷ் இமாம் மாதத்துக்கு 150 வேளை தொழவைக்கிறார். மக்தபில் உங்கள் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லித் தருகிறார். நள்ளிரவில் மவுத்துச் செய்தி வந்தாலும் எழுந்து வருகிறார். அவருக்கு மாதம் முழுவதும் கொடுப்பதையும், ஓர் இரவு பேசிவிட்டுப் போகிறவருக்குக் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மக்தபு ஆசிரியர் வேலையை விட்டு இளம் ஆலிம்கள் மேடைக்கு ஓடுவதன் காரணம் அந்த இரண்டு எண்களுக்கிடையில் இருக்கிறது. மேடையை வளர்த்தோம், மக்தபை வாடவிட்டோம். முதலில் இமாமின் சம்பளத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு விழாவுக்கு வசூல் செய்யுங்கள்.

அழைக்கும் ஆலிமுக்கு வழிச்செலவையும் அன்பளிப்பையும் அவர் கேட்கும் முன்பே முடிவு செய்து, தனியே கொடுத்துவிடுங்கள். கேட்கும் இழிவிலிருந்து ஆலிமைக் காப்பது ஜமாஅத்தின் கடமை. பேசி முடித்தவரை நடுச்சாமத்தில் பேருந்து நிலையத்தில் தனியே விட்டுவிட்டு வருவதும், கவரில் வைத்ததைக் கூட்டத்தில் அறிவிப்பதும் முறையல்ல. சபை களைகட்டுமா என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இவ்வூரில் எந்தத் தீமை வேரூன்றியிருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுமாறு நீங்களே கேளுங்கள். அது உங்களைச் சுட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரைக்குப் பின்னே அமர்ந்து கேட்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். எவ்வளவு சிரித்தோம், எவ்வளவு அழுதோம் என்பதைக் கொண்டு பயானை அளக்காதீர்கள். நள்ளிரவு வரை கேட்டுவிட்டு, மறுநாள் ஸுப்ஹைத் தவறவிட்டால் அந்த பயான் நமக்கு இலாபமா, நஷ்டமா? வீட்டுக்குத் திரும்பியதும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இன்று கேட்டதில் நாளை முதல் நம் வீட்டில் எதைச் செய்யப் போகிறோம்? அதற்கு ஒரு பதில் கிடைத்தால், பேசியவருக்கு உண்மையான ஊதியம் கிடைத்துவிட்டது. நன்மைக்கு வழிகாட்டியவருக்கு அதைச் செய்தவரைப் போன்ற நற்கூலி உண்டு என்பது நபிமொழி.

யா அல்லாஹ்! எங்கள் ஆலிம்களின் நாவில் உண்மையையும், அவர்கள் இல்லங்களில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! சொல்வதைச் செய்பவர்களாக அவர்களையும், கேட்டதைச் செய்பவர்களாக எங்களையும் ஆக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.