மலிவு யாருடைய நட்டம்?

தவணை கட்டமுடியாமற் போனவரிடமிருந்து நிதிக் கம்பனி எடுத்துவந்த காரை ஏலத்தில் வாங்குவது சரியா? கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சட்டப்படி விற்கிறான், காசு கொடுத்து வாங்குகிறோம், இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது என்பார்கள். ஆனால், ஈடு வைத்து மீளாத நகையை ஏலத்தில் எடுக்க மனம் ஒப்பாத அம்மாக்களை நாம் அறிவோம். 'அழுத கண்ணீர் அதிலை கிடக்கும்' என்பார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். தள்ளுவதற்கு முன், அந்தச் சொல் எதைச் சொல்ல முயல்கிறது என்று பார்ப்பது நல்லது.

நான் வாழும் இங்கிலாந்தையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே வாடகைக் கொள்வனவு முறையில் கார் எடுப்பவர், கடைசித் தவணை கட்டும்வரை அதன் சொந்தக்காரர் அல்லர். மூன்று வருடம் கழுவித் துடைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கி, இரவில் மினிகாப் ஓட்டி உழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வாடகைக்காரர்தான். 1895 இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கியது. தவணைக்கு எடுத்த பியானோவை ஒருவர் ஈட்டுக்கடையில் வைத்துவிட்டார். எடுத்தவர் அதை வாங்கியவர் ஆகமாட்டார், பியானோ கொடுத்தவருக்கே சேரும் என்று தீர்ப்பாயிற்று.

இதைப் பயன்படுத்தி, 1930களில் சில வியாபாரிகள், கடைசிச் சில தவணைகள் மிஞ்சியிருக்கும்போது பொருளைப் பறித்துக்கொண்டுபோய் மறுபடி விற்றார்கள். ஜாரோ தொகுதி உறுப்பினர் எலன் வில்கின்சன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்து 1938 இல் நிறைவேறிய சட்டம் இதற்குக் கட்டுப் போட்டது. மூன்றில் ஒரு பங்கு கட்டியபின், நீதிமன்றம் போகாமல் பொருளை எடுக்கமுடியாது. 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்திலும் இந்த விதி நிலைத்தது. மீறி எடுத்தால் ஒப்பந்தமே முடிந்துபோகும். கட்டிய காசு முழுவதையும் அவர் திருப்பிக் கேட்கலாம். ஆக, கடதாசியில் சொந்தமில்லாத ஒருவருக்கும் அந்தப் பொருளில் ஏதோ ஓர் உரிமை ஊறிவிடுகிறது என்பதைச் சட்டமே ஒருவாறு ஒப்புக்கொண்டது.

ஏலக்கூடத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. கம்பனிகள் கழித்துவிட்ட கார், குத்தகை முடிந்த கார், பறிபோன கார் எல்லாம் ஒரே வரிசையில் வரும். ஓட்டிப்பார்க்க விடமாட்டார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, ரயரைப் பார்த்து, ஓடிய மைல்களைப் பார்த்து ஊகிக்கவேண்டும். சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது. விலைக்கு மேல் ஏலக்காரருக்கும் ஒரு கட்டணம் உண்டு. இந்த ஆபத்தையெல்லாம் ஏற்பவருக்கு விலை குறைவது நியாயமே. ஆனால் மலிவு முழுவதும் ஆபத்துக்குக் கிடைத்த கூலி அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழையவர் இன்னும் 6000 பவுண் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கார் ஏலத்தில் 3500 போகிறது; செலவு 300. மிச்சம் 2800 பவுணைக் கம்பனி அவரிடமே கேட்கும். அதே கார் 4500 போயிருந்தால் அவர் கடன் 1800தான். வாங்கியவர் 'ஆயிரம் பவுண் லாபம்' என்று சொல்லித் திரியும் அந்த ஆயிரம் வானத்திலிருந்து விழவில்லை. கார் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவர் மாதாமாதம் அதைக் கட்டுகிறார். அம்மாக்கள் சொன்ன கண்ணீர் இதுதான் என்று நினைக்கிறேன். அது பொருளில் இல்லை, விலையில் இருக்கிறது.

அப்படியென்றால் வாங்காமல் விடுவது தர்மமா? இல்லை. கேட்பவர் குறையக் குறைய விலை இறங்கும். விலை இறங்க அவர் கடன் ஏறும். இரக்கப்பட்டு விலகி நிற்பவர் தன் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்திருக்கிறாரே தவிர, கடன்பட்டவருக்கு ஒரு சதமும் உதவவில்லை.

'நான் எடுக்காட்டி இன்னொருத்தன் எடுப்பான்' என்ற வாதத்துக்கு நான் துணைபோவதாக யாரும் எண்ணவேண்டாம். அந்த வாதம் எங்களிடம் வேறோரிடத்திலும் உதவிக்கு வந்தது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பொருட்கள் பின்னர் விற்பனைக்கு வந்தன, வாங்கியவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. அங்கே கடனில்லை, ஒப்பந்தமில்லை, நீதிமன்றமில்லை, அது கொள்ளை. கொள்ளைப்பொருளை எவர் எடுத்தாலும் நாம் எடுக்கக்கூடாது. ஏலக் காரை எடுத்ததற்கு ஒரு முறை இருக்கிறது. எடுக்கப்பட்டவருக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. ஆனால் ஒன்று இரண்டுக்கும் பொது. முன்பு வைத்திருந்தவரை மறந்தால்தான் வாங்கியதை நிம்மதியாக அனுபவிக்கலாம்.

மறக்காமல் வாங்கமுடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். சிநேகிதர் நாலுபேர் சேர்ந்துபோய், 'இதை நீ கேள், அதை நான் கேக்கிறன், ஒருத்தருக்கொருத்தர் ஏத்தக்கூடாது' என்று பேசிக்கொள்வதுண்டு. பார்க்க ஒற்றுமை போலத் தோன்றும். ஏலம் கேட்காமலிருக்க வியாபாரிகள் ஒருவருக்கொருவர் கைக்கூலி கொடுப்பதை 1927 இலேயே இங்கே ஒரு சட்டம் குற்றமாக்கியது. சிநேகிதரின் வாய்ப்பேச்சு அந்தச் சட்டத்தில் அகப்படாமல் போகலாம். ஆனாலும் அந்த ஒற்றுமையின் செலவு, அங்கே வந்திராத ஒருவரின் தலையில் விழுகிறது. காருக்கு இவ்வளவு பெறும் என்று எமக்குத் தெரிந்தால் அவ்வளவுவரை கேட்பதுதான் நேர்மை.

இன்னொன்று ஏலத்துக்கு முந்தியது. தவணை தவறியவர்மேல் நடவடிக்கை எடுக்குமுன் கம்பனி அறிவித்தல் அனுப்பவேண்டும்; இப்போது குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. நிலுவையைத் தீர்த்து மொத்த விலையில் பாதியைக் கட்டினால், கம்பனி ஒப்பந்தத்தை முறிக்குமுன் தானாகவே காரை ஒப்படைத்து விலகவும் அவருக்கு உரிமையுண்டு. காரைப் பழுதாக்காமல் வைத்திருந்தால் போதும். பிறகு அது ஏலத்தில் என்ன விலைக்குப் போனாலும் அவரைத் துரத்தாது. இது தெரியாமல் எத்தனை பேர் காரையும் கொடுத்துக் கடனையும் சுமக்கிறார்கள்! ஆங்கிலக் கடிதங்கள் பிரிக்கப்படாமல் மேசையில் கிடக்கும் வீடுகள் எங்களிடையே உண்டு. அதில் ஒன்றைப் பிரித்து வாசித்துச் சொல்லும் அரைமணி நேரம், ஏலத்துக்கே போகமாட்டேன் என்ற விரதத்தைவிடப் பெரியது.