எந்த ஊர்ப் பிள்ளை?

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், புத்தளம் தில்லையடியில் தங்கச்சி வீட்டில் கூடியிருந்தோம். பத்தாம் தரத்தில் படிக்கும் மருமகளைப் பற்றித்தான் பேச்சு. பிள்ளைக்கு வைத்தியராக வேண்டும் என்று ஆசை. படிப்பும் நன்றாகவே ஓடுகிறது.

"நானா, இவள மன்னாருக்கு மாத்துவமா? மூணு வருசம் அங்க இடாப்பில பேர் இருந்தாப் போதும். புத்தளத்த விட அங்க வெட்டுப்புள்ளி குறைவு. ரியூசனுக்கு இங்கேயே வந்து போவாள்" என்றாள் தங்கச்சி.

எருக்கலம்பிட்டியில் மைத்துனர் வீடு இருக்கிறது. வாப்பாவின் தென்னந்தோட்டமும் இருக்கிறது. நாங்கள் மன்னார் ஆட்கள் இல்லையென்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 'சரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அன்றிலிருந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதியின் கதை நீண்டது. 1971இல் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அவை தமிழ்பேசும் மாணவரிடையே ஏற்படுத்திய காயத்தை வாசகர்கள் அறிவர். இன்று கலைத்துறையைத் தவிர்த்த பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதப்படியும், 5 இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. மன்னாரும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளது.

2012 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் மொத்தம் இரண்டு கோடிக்கு மேல். ஒரு துறையில் ஆயிரம் இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாவட்ட அடிப்படையில் பகிரப்படும் 550இல் மன்னாருக்குக் கிடைப்பது மூன்றுகூட முழுதாக வராது. இந்தச் சிறு எண்ணிக்கைக்குள்தான் எங்கள் பிள்ளையின் பெயரை நுழைக்கலாமா என்று பெருநாள் பலகாரத்தைத் தின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் அரச பல்கலைக்கழகங்கள் மாநிலங்களுக்குச் சொந்தமானவை. பக்கத்து மாநிலத்துப் பிள்ளை வந்து படிப்பதானால் உள்ளூர்ப் பிள்ளையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும். உள்ளூரார் வரி கட்டியிருக்கிறார்கள் என்பது நியாயம். வெளிமாநிலப் பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் திறமைப் புலமைப்பரிசில் அந்த வித்தியாசத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. நமக்கு 1945 முதல் இலவசக் கல்வி. எந்த மாவட்டத்திலிருந்து வந்தாலும் பல்கலைக்கழக வாசலில் கட்டணம் இல்லை. ஆனால் எல்லைக்கோடு இல்லாமற் போகவில்லை. அங்கே அந்தக் கோட்டைத் தாண்டக் காசு கொடுக்கிறார்கள். இங்கே புள்ளிகள் கொடுக்கிறோம்.

காசு விடயத்தில் நமது அரசு திறமையையும் தேவையையும் ஏறத்தாழ ஒரே தட்டில்தான் வைத்தது. 1981இல் தொடங்கிய மகாபொலவில் திறமைக்கு ஒரு வகை, வசதியற்றோருக்கு ஒரு வகை. மாதாந்தத் தொகை பல ஆண்டுகள் முன்னையதற்கு 5,050 ரூபாவாகவும் பின்னையதற்கு 5,000 ரூபாவாகவும் இருந்தது. வித்தியாசம் ஐம்பது ரூபா. அனுமதியில் அப்படியல்ல. ஒரு தசமப் புள்ளி ஒரு பிள்ளையின் ஆயுளைத் திசை மாற்றிவிடும்.

இதை நான் அனுபவத்தில் அறிவேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பதினாறு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்குப் புத்தளத்தார் சோறும் நிலமும் தந்தார்கள். எங்கள் ஓலைக் கொட்டில் ஒரு கடை முதலாளியின் வளவில்தான் நின்றது. உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்து எழும்பிய வாங்குகளில் மாலையில் நாங்கள் இருந்து படித்தோம். 1992இல் பரீட்சை எழுதினேன். புத்தளத்துப் பிள்ளையாகவே எண்ணப்பட்டேன். பேராதனைக்குப் போனேன். மகாபொலக் காசில் பாதி கொட்டிலுக்குப் போனது.

வளவுக்காரரின் மகனும் என்னோடுதான் எழுதினான். அவனுக்குச் சிறு வித்தியாசத்தில் தவறிப்போனது. அவனுடைய தாயார் ஒரு நாள் கோபமில்லாமலேயே, "நாங்க வளவத் தந்தோம் மகன், பிள்ளைட இடத்தயும் நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்றார். நான் யாரிடமும் திருடவில்லை. பரீட்சை எழுதினேன், புள்ளி எடுத்தேன். ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை. இருவருமே பிழை செய்யவில்லை, இடமோ ஒன்றுதான் என்கிறபோது பதில் எங்கிருந்து வரும்?

எங்களை அனுப்பிய மண்ணுக்கும் நட்டம் நேர்ந்தது. மன்னாரின் சனத்தொகை 1981இல் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கு மேல். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து எண்ணியபோது அதைவிடக் குறைவு. மக்கள்தொகை விகிதத்தில் பங்கிடும் நாட்டில், துரத்தப்பட்டவர்களோடு சேர்ந்து எஞ்சியிருந்த பிள்ளைகளின் பங்கும் துரத்தப்பட்டுவிட்டது.

தங்கச்சியின் வாதம் வலுவானது. "வோட்டு மட்டும் அங்க போட ஏலும், படிப்புக்கு மட்டும் அந்த ஊர் இல்லையா?" என்று கேட்டாள். உண்மைதான். இடம்பெயர்ந்தோர் சொந்த மாவட்டத்திலேயே வாக்காளராகப் பதிவதற்கு 2013இல் சட்டம் வந்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் நானும் ஒருவன். 'இவர்கள் அங்கேயும் இங்கேயும் இருக்கிறார்கள், உண்மையாகத் திரும்பியவர்கள் அல்ல' என்று எங்களை நோக்கி விரல் நீண்டபோது கொதித்தவனும் நான்தான். இப்போது அதே சொல்லை மருமகளுக்கு எதிராக நானே சொல்வதா?

யோசித்துப் பார்த்ததில் ஒரு வேறுபாடு தெளிந்தது. வாக்கு, காணி, மையவாடி ஆகியவை உரித்தால் வருபவை. யார் எங்கு துரத்தினாலும் உரித்து அழியாது. மாவட்ட ஒதுக்கீடோ உரித்துக்காகத் தரப்படுவதல்ல. ஆசிரியர் இல்லாத வகுப்புக்கும் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கும் கொடுக்கும் ஈடு அது. வாப்பாவின் தோட்டம் மன்னாரில் இருப்பதால் புத்தளத்துப் பிள்ளைக்கு இரசாயனவியல் வாத்தியார் இல்லாமற் போகவில்லை. தமிழ்நாட்டில் 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 வீதம் ஒதுக்கினார்கள். அதற்கு ஊர் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளை இருந்து படித்த வாங்கைப் பார்க்கிறார்கள். நமது சட்டமும் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளைக் கேட்பதன் நோக்கம் அதுவே. இடாப்பில் பெயரையும் ரியூசன் வகுப்பில் பிள்ளையையும் வைப்பவர் அந்த நோக்கத்தை ஏமாற்றுகிறார். மீள்குடியேறி, தகரக் கொட்டகையில் படித்து, அந்த மூன்று இடங்களை நம்பியிருக்கும் பிள்ளையின் அமானிதம் அது. அப்பிள்ளை முஸ்லிமாக இருக்கலாம், கத்தோலிக்கராகவோ இந்துவாகவோ இருக்கலாம்.

ஆகவே தங்கச்சியிடம் இப்படிச் சொன்னேன்: "பிள்ளை போறதெண்டாப் போகட்டும். எருக்கலம்பிட்டியில இருந்து, அங்க உள்ள வாத்தியார்கிட்டயே படிக்கட்டும். அப்ப கிடைக்கிறது அவளுக்கு ஹலால். பேர் மட்டும் போக வேணாம்."

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க புத்தளத்தால போய்ப் படிச்சீங்கதானே" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதற்கு இன்றும் என்னிடம் முழுமையான விடை இல்லை. துரத்தப்பட்டவனுக்குத் தெரிவு இருக்கவில்லை, எங்களுக்கு இன்று இருக்கிறது என்பது மட்டும்தான் என் விடை. வளவுக்காரரின் மனைவியிடம் சொல்ல முடியாமற்போனதை, மன்னாரில் முகம் தெரியாத இன்னொரு தாய்க்கும் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வர வேண்டாம்.

மருமகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. போவதானால் அங்கே உயிரியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னாள். அடுத்த கிழமை மன்னாருக்குப் போகிறேன்.