நோயுற்ற பூனையும் வினைப்பயனும்

குடகனாற்றங் கரையிலுள்ள வேடசந்தூர் முதலிய ஊர்களில், எலியினின்று தானியத்தைக் காத்தற்பொருட்டுப் பூனை வளர்க்கும் வீடுகள் பல. அங்ஙனம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உடனுறைந்த பூனையொன்றுக்கு முதுமையிற் புற்றுநோய் தோன்றி, இனித் தீராதென மருத்துவரும் கூறிவிடின், வீட்டார் செய்யத்தக்கது யாது? “அது தன் வினையை நுகர்கின்றது, நாம் இடைப்புகுதல் தகாது” என்பார் சிலர். “ஊசியிட்டு உயிர்போக்குதலே அருள்” என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

முன்னவர் கூற்றுச் சித்தாந்தத்தைப் பாதியளவே உணர்ந்ததன் விளைவாம். வினை சடமாதலின் தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது. அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் நிறுவப்படும் பொருள். நோயைக் கூட்டுவிப்பவன் மருந்தையும் அன்புடையார் கையையும் கூட்டுவிக்க வல்லனல்லனோ? அப்பூனை நுகரவேண்டிய துன்பம் இவ்வளவென்று அளந்தறிந்தார் யாவர்? தம் மகவுக்குக் காய்ச்சல் வந்தால் வினையென்று வாளாவிருப்பார் ஒருவரும் இலர். பூனைக்கு மட்டும் வினையை எடுத்துக்காட்டுதல் சோம்பலுக்குச் சாத்திரத்தைப் போர்வையாக்குதலே என்க.

இனி, அன்பு அறிவொடு கூடியிருத்தல் வேண்டும். பூனை தன் நோவை மறைக்கும் இயல்பினது. கத்தாமையால் நோவில்லை எனக் கொள்ளலாகாது. உணவை வெறுத்தல், மூலையில் ஒளிதல், முதுகு கூனியிருத்தல், உடலை நக்கித் தூய்மை செய்யாமை ஆகியனவே அதன் முறையீடு. மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு; ஒரு மாத்திரையே உயிரைப் போக்கவும் கூடும். ஆதலின் நோவடக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் குறித்த அளவிலேயே தருக. மென்மையான உணவை இளஞ்சூடாக்கினால் மணம் மிகுந்து உண்ண விழையும். நீரும், தாழ்ந்த விளிம்புடைய மணற்றட்டும், வெதுவெதுப்பான துணிப்படுக்கையும் அருகிலிருத்தல் நன்று.

பின்னவர் கூற்றுக்கு 1928-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்றாகக் காட்டப்படும். சபர்மதி ஆசிரமத்திற் பிழைக்க வகையின்றித் துடித்த கன்றொன்றினைக் காந்தியடிகள் மருத்துவரைக்கொண்டு ஊசியால் உயிர்நீங்கச் செய்தார். கண்டனங்கள் பல எழுந்தன. அவர் தம் செயலை மறைத்திலர். தம் பத்திரிகையிலேயே எழுதி விளக்கினார். திருவண்ணாமலையில் நிகழ்ந்ததோ வேறு. 1926-இற் கன்றாக வந்த இலட்சுமி என்னும் பசு 1948 ஜூன் 18-ஆம் நாள் உயிர்விடுங்கால், இரமண முனிவர் அருகமர்ந்து அதன் தலையைத் தடவித் துணையிருந்தார். அவர்தம் இடக்கையில் எழுந்த புற்றுக்கட்டி 1949-இற் பன்முறை அறுக்கப்பட்டது. அன்பர் செய்த மருத்துவத்தை ஏற்ற அவர், கையையே துணிக்கவேண்டும் என்றபோது உடன்பட்டிலர். 1950 ஏப்ரல் 14-இல் உடல் நீத்தார். மருத்துவத்தை முற்றும் விலக்குதலும், எவ்வாற்றானும் நாளை நீட்டுதலும் ஆகிய இரண்டற்கும் இடைப்பட்டதொரு நெறி இதனாற் புலனாம்.

உயிரை உடம்பொடு கூட்டியவனே பிரித்தற்குரியான் என்பது சைவர் துணிபு. நோவைத் தணித்தலோ நம்மிடம் விடப்பட்ட பணி. ஊசியை நாடுவோர், நீங்கவேண்டுவது பூனையின் நோவோ, அன்றித் தம் கண்ணின் வருத்தமும் கையின் சலிப்புமோ எனத் தம் நெஞ்சைத் தாமே வினவுதல் வேண்டும். எம்மருந்துக்கும் அடங்காத நோவைக் கண்டு, தன்னலம் சிறிதுமின்றி வேறு துணிந்தாரை இகழ்தலும் முறையன்று. உண்ண மறுக்கும் வாயில் வலிந்து ஊட்டி, பிரியமாட்டாமையால் நாளை நீட்டுதலோ அருளன்று, பற்றேயாம்.

ஆவுக்குச் செய்தது பூனைக்கும் ஆமோ எனின், ஆம். சித்தாந்தம் பசு என்பது ஆவினை மட்டுமன்று; மலத்தாற் கட்டுண்ட எல்லா உயிரையுமாம். பூனையும் அப்பசு, அதற்கு நள்ளிரவில் எழுந்து நீர் வைப்பானும் அப்பசுவே. ஒரு கட்டுண்ட உயிர் மற்றொன்றின் நோவுக்கு இரங்குதல் பதியின் திருவருள் அதனிடத்து விளங்குதற்கு அடையாளமாம்.

திருச்சிற்றம்பலம்