‘ம்’ என்னும் ஓசை

இணையத்தின் இயங்கு விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற குழு 1986-ல் தொடங்கியது. அதன் கூட்டங்களில் ஓட்டெடுப்பு கிடையாது. சர்ச்சை முற்றினால் தலைவர் ஒரு கேள்வியை வைத்து, உடன்படுகிறவர்களை வாய் திறக்காமல் ‘ம்ம்’ என்று ஒலியெழுப்பச் சொல்வதுண்டு, பிறகு மறுப்பவர்களை. பொறியாளர்கள் நிறைந்த அறையில் இது வேடிக்கைதான். ஆனால் யார், எத்தனை பேர் என்று எண்ண முடியாது. ஆட்கள் மறைந்து அபிப்ராயத்தின் கனம் மட்டும் காதில் விழுகிறது.

இவ்வழக்கத்தை விளக்கி பீட் ரெஸ்னிக் 2014-ல் எழுதிய ஆவணம் இன்னும் கறாரானது. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் மறுத்தாலும் கருத்தொற்றுமை ஏற்படாமல் இருக்கலாம் – ஐவரின் ஆட்சேபணை பரிசீலிக்கப்படாமல் கிடந்தால். ஆட்சேபணைக்கு இணங்க வேண்டியதில்லை. அதை எதிர்கொண்டாக வேண்டும்.

‘நாகரிகமாகப் பேசுங்கள்’ என்று தலைவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. சாந்தம் ஜெயித்தவனுக்குச் சுலபம். கத்துகிறவனின் பேச்சில் வசையைக் கழித்தால் மிஞ்சும் ஒரே வாக்கியம் சரியாயிருக்கக் கூடும். அதைப் பிரித்தெடுத்துச் சபைமுன் வைப்பது தலைவரின் பொறுப்பு. வசையைச் சகித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம், ஆளை வெளியேற்றலாம். அவன் விட்டுப்போன வாக்கியத்துக்கு யாராவது பதில் சொல்லும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது.