தனியாக நிற்கும் நாய்

ஒரு தாளில் வட்டம் போட்டால் அது பந்தா, நிலவா, ஆரஞ்சா என்பது வரைந்தவருக்குத்தான் வெளிச்சம். பெய்ஜிங்கின் ட்சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாவ் சென், மிங்-மிங் செங் முதலானோர் சிங்கப்பூர், இஸ்ரேல் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் ‘ஸ்கெட்ச்2போட்டோ’ என்ற மென்பொருளை உருவாக்கியபோது, இதற்கு எளிய வழி கண்டார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதிவிட வேண்டும். கோணல்மாணலாக ஒரு நாயை வரைந்து ‘நாய்’ என்று எழுதினால், மென்பொருள் இணையத்தில் நாய்ப் படங்களைத் தேடும். நம் கோட்டின் வடிவத்துக்கு ஒத்துவருகிற நாயை வெட்டியெடுத்து, நாம் கேட்ட கடற்கரையில் ஒட்டுத் தெரியாமல் பதித்துவிடும்.

ஒட்டுகிற வித்தையைவிட அது கழிக்கிற விதம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. பின்னணி நெரிசலாக இருக்கும் படங்களை அது ஆரம்பத்திலேயே தள்ளிவிடும். குழந்தைகளின் கால்களுக்கு நடுவே புகுந்த நாயையோ, கட்டிலுக்கடியில் பாதி மறைந்த நாயையோ பிசிறில்லாமல் வெட்ட முடியாது. வெறும் புல்வெளியில் தனியாக நிற்கும் நாய்தான் தேறும். கெட்டிக்கார வழிதான், இணையத்தில் நாய்ப் படங்களுக்கா பஞ்சம்? ஆனால் ஒருவர் பந்தெறிய நாய் தாவுவதாக வரைந்து கேட்டால், அப்படிச் சேர்ந்த படத்தில் பந்தை எறிகிறவர் ஓர் ஊர், பிடிக்கத் தாவும் நாய் வேறு ஊர். நிறம் பொருந்துகிறது, விளிம்பு பொருந்துகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஒட்டுப்படம் பழைய சரக்கு. இங்கிலாந்தின் புகைப்படக் கலைஞர் ஹென்றி பீச் ராபின்சன், முதலில் கோட்டோவியமாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பல நெகட்டிவ்களைச் சேர்த்துப் படம் அமைத்தவர். 1858இல் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு அவர் செய்த ‘ஃபேடிங் அவே’ படத்தில், ஓர் இளம்பெண் சாகக் கிடக்கிறாள். அருகே இரண்டு பெண்கள். ஓர் ஆண் முதுகைக் காட்டியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். படுத்திருந்தவள் நடிக்க வந்த பெண், நோய் நொடி ஒன்றும் இல்லாதவள். அப்படியும், ஒரு வீட்டின் துக்கத்தைப் போய்ப் படமெடுப்பதா என்று பலர் கொதித்தார்கள். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டோ ஒரு பிரதியை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த முதுகு இல்லாவிட்டால் இவ்வளவு கொதிப்பு வந்திருக்காது என்பது என் எண்ணம். படுத்திருக்கிறவளைப் பார்க்கத் தாளாமல் திரும்பிய முதுகு அது. முதுகைக் காட்டி நிற்கும் ஆண்களின் படம் இணையத்தில் எத்தனையோ கிடைக்கும்; யாருக்காகத் திரும்பினார் என்பதைப் பெயரெழுதிக் கேட்டுவிட முடியாது. ஸ்கெட்ச்2போட்டோவும் முடிவை முழுக்கத் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. பொருந்தக்கூடிய சேர்க்கைகள் பலவற்றை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைப் பொறுக்குகிற வேலையை வரைந்தவரிடம் விடுகிறது. இந்தப் பந்துக்காகத்தான் தாவுகிறது என்று நம்பும்படியான நாய் எது என்று அவர்தான் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.