செப்படியும் ஜேப்படியும்

‘இதய பலவீனம் உள்ளவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம்.’ இந்த வரியை எத்தனை பேய்ப் பட போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள்? அதைப் படித்துவிட்டு, டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வந்து டிக்கெட் வாங்கிய ஒரு ஆளையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. அந்த எச்சரிக்கையின் உண்மையான அர்த்தம், ‘உள்ளே வா’ என்பதுதான். எழுதியவருக்கும் அது தெரியும். படிக்கிற நமக்கும் தெரியும்.

இரண்டு பேருக்கும் தெரிந்தே சொல்லப்படுகிற பொய், பொய்யா? அப்படியானால், ஒருத்தருக்கு மட்டும் தெரிந்த பொய்? கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் கேஸில் என்று ஒரு டைரக்டர் இருந்தார். 1958-ல் ‘மகாப்ர’ என்ற திகில் படம் எடுத்தார். படம் சுமார்தான். ஆனால், பயத்தில் செத்துப்போனால் ஆயிரம் டாலர் தருவதாக லண்டன் லாயிட்ஸில் இன்ஷூரன்ஸ் எடுத்து, டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் பத்திரம் கொடுத்தார். தியேட்டர் வாசலில் நர்ஸ்கள் வேறு! அடுத்த வருஷம் ‘தி டிங்க்ளர்’. இதில் சில சீட்டுகளுக்கு அடியில் மோட்டார் வைத்து, சரியான நேரத்தில் அதிரவிட்டார். ஜனங்கள் அலறினார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குப் போய் மற்றவர்களையும் அனுப்பிவைத்தார்கள். இது நம்ம ஊர் திருவிழாக் கடைக்காரர் ரகம். அவர் கூவுவதை யாரும் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஹிட்ச்காக் இன்னும் சாமர்த்தியசாலி. ‘சைக்கோ’ (1960) டிரெய்லரில் ரத்தமும் இல்லை, கதையும் இல்லை. ஆறு நிமிஷத்துக்கு மேல் அவரே வந்து, வீடு வாடகைக்குக் காட்டுகிற புரோக்கர் மாதிரி அந்த மோட்டலைச் சுற்றிக் காட்டுகிறார். கடைசியில் பாத்ரூம் திரையை இழுத்ததும் ஒரு பெண் அலறுகிறாள். அது படத்தில் அங்கே கொல்லப்படுகிற ஜேனட் லீ அல்ல. அவருக்குத் தங்கையாக நடித்த வேரா மைல்ஸ்! பேய்ப் பட விளம்பரம் என்றால் பயங்கரத்தைக் காட்டவேண்டும் என்ற வழக்கத்தையே தலைகீழாக்கி, காட்டாமல் பயமுறுத்தினார். படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு உத்தரவு வேறு. இங்கேயும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஆனால், ஏமாந்த லாபம் நமக்குத்தான்.

1972-ல் வந்த ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’ விளம்பரம் ஒரு யோசனை சொன்னது: மயக்கம் வராமல் இருக்க, ‘இது வெறும் சினிமா... வெறும் சினிமா...’ என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டே இருங்கள். பயமுறுத்துகிற மாதிரியே நமக்கு ஒரு கைப்பிடியையும் கொடுத்தது. இருட்டில் படியிறங்குகிறவனுக்குக் கைப்பிடி எவ்வளவு முக்கியம்!

கைப்பிடியைக் கழற்றுகிற வேலை அதற்கப்புறம் ஆரம்பித்தது. 1974-ல் ‘தி டெக்சாஸ் செயின்ஸா மாஸக்கர்’ தன்னை உண்மைச் சம்பவம் என்று சொல்லிக்கொண்டது. சம்பவம் நடந்த தேதி 1973 ஆகஸ்ட் 18 என்று படமே சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், படப்பிடிப்பு ஆரம்பித்தது அதே வருஷம் ஜூலையில்! நடப்பதற்கு முன்பே படம் பிடிக்கப்பட்ட உண்மைச் சம்பவம்.

கடைசி ஸ்க்ரூவையும் கழற்றியது 1999-ல் வந்த ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’. மேரிலாந்து காட்டில் ஒரு சூனியக்காரியைப் பற்றிப் படமெடுக்கப் போன மூன்று மாணவர்கள் 1994 அக்டோபரில் காணாமல் போனார்கள், அவர்கள் விட்டுப்போன ஃபிலிம்தான் இது என்றார்கள். விளம்பரத்தில் பேய் இல்லை, ரத்தம் இல்லை. ‘காணவில்லை’ என்று மூன்று பேர் படம் போட்ட நோட்டீஸ், அவ்வளவுதான். இன்டர்நெட்டில் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி ஆவணங்கள். திரைப்படத் தகவல் தளத்தில் நடிகர்கள் பெயருக்கு நேரே, ‘காணவில்லை, இறந்திருக்கலாம்’ என்று குறிப்பு. கதாபாத்திரங்களுக்கும் நடிகர்களின் சொந்தப் பெயர்களே. பொய் வெளிப்படாமலிருக்க, நடிகர்களை விளம்பர நாட்களில் வெளியே தலைகாட்ட விடவில்லை. சொற்பக் காசில் எடுத்த படம், உலகமெங்கும் சுமார் 25 கோடி டாலர் வசூலித்தது.

‘அட, பிரமாதமான ஐடியா சார்! இதில் என்ன தப்பு? ஜனங்க ரசிச்சாங்க இல்லே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ரசித்தார்கள், மறுக்கவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் பலர் ரசித்தார்கள். டிக்கெட் வாங்கியவரை மட்டும் பார்த்தால் பெரிய குற்றமில்லை. பயப்படத்தான் காசு கொடுத்தார், பயந்தார், கணக்கு முடிந்தது.

ஆனால், அந்த நடிகையின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. மகள் உயிரோடு இருக்கும்போதே! பர்க்கிட்ஸ்வில் என்ற அந்தச் சின்ன ஊரின் பெயர்ப் பலகைகளை ரசிகர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவும், அந்த ஊர்க்காரர்களும் எந்த டிக்கெட்டை வாங்கினார்கள்? நடிகர்களாவது கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களுமே 2024-ல், தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதித்ததில் நியாயமான பங்கு வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கே 25 வருஷம் கழித்து வலிக்கிறது என்றால், போடாதவர்களை என்ன சொல்வது?

இன்னும் மோசமான உதாரணம் ஒன்று உண்டு. அலாஸ்காவில் நோம் என்று ஒரு ஊர், சில ஆயிரம் பேர்தான் ஜனத்தொகை. அங்கே பல வருஷங்களாக ஆட்கள் காணாமல் போனார்கள், இறந்தார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த பூர்வகுடி மக்கள். எஃப்.பி.ஐ. 20-க்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்து, குடியும் கடுங்குளிரும்தான் முக்கியக் காரணம் என்றது. சில உடல்கள் கிடைக்கவே இல்லை. 2009-ல் ‘தி ஃபோர்த் கைண்ட்’ என்ற படம் வந்து, வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போனார்கள், உண்மைச் சம்பவம் என்று விளம்பரம் செய்தது. இல்லாத ஒரு மனோதத்துவ டாக்டரைப் பற்றி, அலாஸ்காவில் நிஜமாகவே இருக்கும் பத்திரிகைகளின் பெயரில் போலிச் செய்திகளைத் தயாரித்து இன்டர்நெட்டில் போட்டார்கள். பத்திரிகைகள் சண்டைக்கு வர, ஸ்டூடியோ 20,000 டாலர் அலாஸ்கா பத்திரிகையாளர் சங்கத்துக்குக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பத்திரிகைகளின் பெயருக்கு விலை கிடைத்தது. மகனைப் பனியில் தொலைத்துவிட்டுக் காத்திருக்கிற தாய்க்கு? அவளுடைய துக்கம் வேற்றுக்கிரகக் கதைக்கு விளம்பரமானதுதான் மிச்சம்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். செப்படி வித்தைக்காரனும் நம் கண்ணை ஏமாற்றுகிறான், ஜேப்படிக்காரனும் ஏமாற்றுகிறான். விரலின் லாகவத்தில் பெரிய வித்தியாசமில்லை. வித்தைக்காரன் வாட்சை மறைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அதைவிட முக்கியம், வட்டத்துக்குள் நிற்பவரிடம்தான் வித்தை காட்டுகிறான், தெருவில் போகிறவரின் பையில் கைவிடுவதில்லை.

பேய்ப் பட விளம்பரத்துக்கும் இந்த வட்டம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கத்தை மீறக் கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாக மீறலாம். 2022-ல் ‘ஸ்மைல்’ படத்துக்காக பேஸ்பால் மைதானங்களில் சிலரைக் காமிராவில் விழுகிற மாதிரி உட்காரவைத்து, கண்கொட்டாமல் அசட்டுத்தனமாகச் சிரிக்க வைத்தார்கள். டி.வி. பார்த்தவர்களுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. ஆனால், அவர்களில் சிலரின் பனியனிலேயே படத்தின் பெயர் இருந்தது. கைப்பிடி இருந்தது. யாருடைய சாவையும் கடன் வாங்கவில்லை.

‘காணவில்லை’ நோட்டீஸ் விஷயம் வேறு. அது ஒரு பொதுச் சொத்து. பஸ் ஸ்டாண்டு தூணில் ஒட்டியிருக்கிற அந்த மங்கலான போட்டோவை நாலு பேர் நின்று பார்த்தால்தான் ஒரு தகப்பனுக்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கும். அதே மாதிரி பத்து நோட்டீஸ் அடித்து, ‘சும்மா, சினிமாவுக்கு!’ என்று சிரித்தால், பதினோராவது நோட்டீஸை யார் நின்று படிப்பார்கள்? கள்ள நோட்டு அடிப்பவன் யார் பையிலிருந்தும் எடுப்பதில்லை. ஆனாலும், எல்லார் பையிலிருக்கிற நல்ல நோட்டின் மதிப்பும் குறைகிறது.

அடுத்த தடவை, ‘உண்மைச் சம்பவம்’ என்று உங்கள் செல்போனுக்கு ஏதாவது பயங்கரமான வீடியோ வந்தால், ரசியுங்கள், பயப்படுங்கள், தப்பில்லை. நாலு பேருக்கு ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால் மட்டும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: இதில் யாருடைய நிஜப் பெயர், யாருடைய நிஜ ஊர் இருக்கிறது? அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?