கோப்பை யார் கணக்கில்?

அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி நான்கு ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் நுழைகிற பிள்ளை பன்னிரண்டு முடித்ததும் போய்விடும். ஆக, ஒரு பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் இன்று நிற்கிற இருநூறு பேரில் ஒருவர்கூட ஐந்தாவது ஆண்டு அங்கே இருக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் சில பள்ளிகள் உச்சியை விட்டு இறங்குவதே இல்லை. இண்டியானாபொலிஸ் நகரை ஒட்டிய ஏவன் பள்ளி 2008, 2009, 2010 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து 'பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' தேசியப் பட்டத்தை வென்றது. அதே நகரை ஒட்டிய கார்மல் பள்ளி 2016 முதல் 2018 வரை அதையே செய்தது. சிகாகோவுக்குத் தெற்கே, டொமினிக்கன் சபைக் கன்னியர் தொடங்கிய மேரியன் கத்தோலிக் பள்ளி ஏழு முறை வென்றிருக்கிறது. ஆளெல்லாம் மாறின பிறகும் தொடர்வது எது? அந்தப் பாராட்டு யார் கணக்கில் ஏறுகிறது? இசை தெரிந்தவர்கள் இதற்கு வேறு பதில் சொல்லலாம். எனக்கு இது வினையையும் பயனையும் பற்றிய பழைய வழக்காகத்தான் தெரிகிறது.

நான் டாலஸுக்கு வடக்கே குடியிருப்பவள். என் மகள் பள்ளி பேண்டில் மெலோஃபோன் வாசிக்கிறாள். உள்ளரங்கக் கச்சேரியில் ஃப்ரெஞ்ச் ஹார்ன். மைதானத்தில் அதற்குப் பதிலாக, வாய் முன்னோக்கிய இந்த வாத்தியம். நான் பிட் க்ரூ. அதாவது மரிம்பா, வைப்ரஃபோன், ஆளுயர ப்ராப்ஸ் எல்லாவற்றையும் மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு ஓடி, முடிந்ததும் அடுத்த பேண்டுக்கு வழிவிட்டுத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிற பெற்றோர் கூட்டம். தத்துவம் எனக்குத் தொழில் இல்லை. மயிலாடுதுறை வீட்டில் அப்பா சாயங்காலங்களில் சிவஞான சித்தியார் பரபக்கம் பாடம் நடத்துவார். அருணந்தி சிவாசாரியார் உலகாயதரில் தொடங்கி, பௌத்தர், சமணர், மீமாம்சகர் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற நூல் அது. காபி எடுத்துப்போன சாக்கில் கேட்டதுதான் என் படிப்பு.

மார்ச்சிங் பேண்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் வாசித்துக்கொண்டே நடக்கிற கூட்டம் என்பது வெளித்தோற்றம். போட்டிப் பருவத்தில் அது எட்டு நிமிடம் சொச்சம் ஓடுகிற ஒரு நாடகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் 'டாட்' உண்டு: இந்தத் தாளத்தில் இந்தக் கெஜக்கோட்டிலிருந்து இத்தனை காலடி தள்ளி நிற்க வேண்டும் என்ற இடம். ஐந்து கெஜத்துக்கு எட்டுக் காலடி என்பது அடிப்படை அளவு. ஒரு காலடி 22.5 அங்குலம். கீழே பார்க்கக்கூடாது. பின்னால் நடக்கும்போது குதிகால் தரையில் படக்கூடாது. அப்போதும் மெலோஃபோனின் வாய் மேலே நடுவர் மாடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இது போன்ற டாட்டுகள் ஒரு நிகழ்ச்சியில் எண்பது, நூறு வரும்.

இதை யார் கற்றுத்தருகிறார்கள்? இயக்குநரும் பயிற்சியாளர்களும் கோபுரத்தின் மேலே மைக் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகஸ்டில் டெக்சாஸ் வெயிலில், கோடு போட்ட பார்க்கிங் தளத்தில், கீழே நடப்பது வேறு. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்பதாம் வகுப்புப் பையனின் பக்கத்தில் நின்று, அவன் காலைப் பார்க்காமல் தன் காலை மட்டும் அசைத்துக் காட்டுகிறாள். குதிகால் முதலில், பிறகு பாதம் உருள வேண்டும், கட்டைவிரல் கடைசியில். அவன் தவறாக வைக்கிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி காட்டுகிறாள். கோபுரத்திலிருந்து "ரீசெட்" என்று குரல் வந்ததும் இருவரும் ஓடி முந்தைய இடத்துக்குப் போகிறார்கள். ஓடும்போதே அவள் அவனுடைய தண்ணீர்க் குடுவையை எடுத்து அவன் கையில் திணிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இதை இரண்டு ஆண்டுக்கு முன் இன்னொருத்தி காட்டியிருப்பாள். அவளுக்கு அவளுக்கு முந்தியவள். பள்ளி தொடங்கிவிட்டால் பள்ளி நேரத்துக்கு வெளியே வாரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒத்திகை கூடாது என்பது டெக்சாஸ் விதி. அந்த எட்டு மணி நேரம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். சில பள்ளிகளில் மட்டும் அதற்குள் இந்தக் கைமாற்றமும் நடந்துவிடுகிறது.

இயக்குநர்தானே நிலையான பொருள், அவர்தானே பேண்டின் உயிர் என்று கேட்கலாம். கார்மலில் பல ஆண்டு இயக்குநராக இருந்த ரிச்சர்ட் சாசிடோ 2013இல் ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் 2005, 2012 பட்டங்கள் வந்தன. மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தது அவர் போன பிறகு. ஆகவே உயிரை வேறெங்காவது தேட வேண்டும்.

இனி நடுவர்கள். 'பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' கணக்கில் மொத்தம் நூறு. வாசிப்புக்கு இருபது, நடைக்கும் தோற்றத்துக்கும் இருபது. மீதி அறுபதும் 'எஃபெக்ட்' என்கிற பொது விளைவுக்கு. இசை விளைவுக்கு நாற்பது, காட்சி விளைவுக்கு இருபது. அதாவது பார்ப்பவருக்குள் என்ன நடந்தது என்பதற்குத்தான் பாதிக்கு மேல். அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். மீமாம்சகன் சொல்வான், வினை தானே பயனைத் தரும், நடுவில் ஒருவன் எதற்கு என்று. சைவ சித்தாந்தி சொல்வான், வினை சடம். அதற்குத் தான் நல்லது என்றும் தெரியாது, யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்றும் தெரியாது. அறிந்து கூட்டுவிக்க ஒருவன் வேண்டும். "மைதானத்துல வாசிச்ச சத்தம் தானே போய் மார்க் போட்டுக்குமா? மேல ஒருத்தர் உக்காந்து கேட்டாத்தானே" என்றார். கடவுள் உண்டு என்பதற்கு, அந்தத் தேசியப் போட்டி நடக்கிற லூகஸ் ஆயில் ஸ்டேடியத்தைச் சான்றாகக் காட்டிய முதல் சைவர் அவராகத்தான் இருப்பார்.

ஆனால் அந்த உவமானம் ஓரிடத்தில் உடைகிறது. சித்தாந்தியின் நடுவன் எல்லாம் அறிந்தவன். பார்க்கிங் தளத்தில் காலைக் காட்டிக்கொடுத்த பெண்ணையும் கண்டவன். மாடத்தில் இருக்கிறவருக்கு அந்த எட்டு நிமிடம் மட்டும்தான் தெரியும். அவர் பேசிப் பதிவு செய்கிற விமர்சனத்தை அடுத்த வாரம் பிள்ளைகள் கேட்பார்கள். ஒருமுறை மகளோடு சேர்ந்து நானும் கேட்டேன். ஆண் குரல், மூச்சு வாங்கியபடி: இங்கே மெலோஃபோன்கள் சுருதி விலகுகிறது, இப்போது சேர்ந்தாயிற்று, நன்றி, அடுத்து... அவ்வளவுதான். யார் காய்ச்சலோடு நின்றாள், யார் முந்தின நாள்தான் டாட் மாற்றப்பட்டு நடந்தாள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். வேண்டாம் என்பதுதான் அவருடைய நேர்மை. காட்டப்பட்டதை மட்டும் தீர்ப்பது என்ற எல்லைக்குள் நிற்கிறவரைக்கும் மனித நடுவர் நம்பத்தக்கவர். பிள்ளைகளின் தகுதியைச் சொல்கிறார் என்று நாம் எடுத்துக்கொண்டால் அது நம் கோளாறு.

எல்லைக்குள் நின்றாலும் எண்கள் விளையாடும். டெக்சாஸ் மாநிலப் போட்டி சான் அன்டோனியோவின் அலமோடோமில் நடக்கும். அங்கே ஒவ்வொரு நடுவரும் பேண்டுகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். ஒவ்வொரு பேண்டுக்கும் கிடைத்த எண்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகைக்கு முதலிடம். ஐந்து நடுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிடங்கள் மூன்று பேண்டுகளுக்குள் சிதறிவிட்டன. நான்காவது ஒரு பேண்டுக்கு 2, 2, 2, 3, 3, கூட்டினால் 12. முதலிடம் வாங்கின மூன்றுக்கும் மற்ற நடுவர்கள் ஆறும் ஏழும் போட்டுவிட்டால், கோப்பை 12 வாங்கியதற்கே. ஐவரில் ஒருவர்கூட 'இதுதான் சிறந்தது' என்று நினைக்காத பேண்ட் சிறந்த பேண்ட் ஆகிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சிறப்பு என்பது ஒரு பொருளாக எங்கோ இருக்கிறது, நடுவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் இந்தக் கூட்டல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இதே மாநிலத்தில் வட்டார அளவில் வேறு முறை: அங்கே தரம்தான், வரிசை இல்லை. எல்லாப் பள்ளியும் முதல் தரம் வாங்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

சரி, தொடர்ச்சிக்கு வருவோம். இதில் பௌத்தர்களுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர், இரவு முழுவதும் எரிகிற விளக்கின் சுடர் முதல் யாமத்தில் இருந்ததேதானா கடைசி யாமத்திலும் என்று கேட்பார். அதே சுடரும் இல்லை, வேறொன்றும் இல்லை. ஒன்றைப் பற்றிக்கொண்டு ஒன்று. ஆள் என்று நிலையாக எதுவும் இல்லை, தொடர்ச்சி மட்டும் உண்டு. இதற்கு மற்றவர்கள் எழுப்பிய தடை கூர்மையானது: செய்தவன் அழிந்துபோய், செய்யாதவன் பயனை அனுபவித்தால் அறம் என்னாவது? தமிழில் இந்தச் சண்டையைப் போட்டவள் நீலகேசி. சமணக் காப்பியத்தின் தலைவி. பௌத்த ஆசிரியர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்கிற கணபங்க வாதத்தைப் பிய்த்துப் போடுகிறவள். அவள் தோற்கடித்த குண்டலகேசியின் காப்பியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிஞ்சின. வென்றவர் வீட்டு ஏட்டில்தான் தோற்றவரின் வாதம் இருக்கிறது. அதையும் நினைவில் வைத்துத்தான் அந்தத் தீர்ப்பை வாசிக்க வேண்டும்.

நீலகேசியின் கேள்வியை என் கண்முன்னாலேயே பார்த்தேன். அப்பா வந்திருந்த ஆண்டு எங்கள் பள்ளி வெகுகாலத்துக்குப் பிறகு இறுதிச்சுற்றுக்குப் போனது. பெயர் அறிவித்ததும் எல்லாரும் குதித்தார்கள். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சாப்பாட்டு வரிசையில் அப்பா என் மகளிடம் கேட்டார்:

"ஏம்மா, உங்க ஸ்கூல்தானே தேறுச்சு? அந்தப் பொண்ணு ஏன் அழுதுச்சு?"

"அவ போன வருஷம் சீனியர், தாத்தா. அவ இருந்த நாலு வருஷமும் ஃபைனல்ஸ் போகல. காலேஜ்லேர்ந்து இதுக்காக வந்திருக்கா."

"அப்ப இது அவ பாடுபட்டதா, நீங்க பாடுபட்டதா?"

மகள் யோசித்தாள். "தெரியல தாத்தா. எனக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தது அவதான்."

அப்பாவின் தீர்ப்பு காரில் வந்தது. செய்தவளைத் தேடிப் பயன் வந்தே தீரும்; இந்தக் கோப்பை பயனே இல்லை, தகரம்; அவளுக்கு உள்ளது அவளுக்கு வேறிடத்தில் வைத்திருக்கும். திடமான பதில்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதல் ஆகாது. ஏனென்றால் அவள் அழுதது தனக்குக் கிடைக்கவில்லையே என்று மட்டுமல்ல. மைதானத்தில் அப்போது நின்றதில் தன்னுடையதும் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் செய்தது இன்னொருவருக்கும் சேரலாம் என்பதை நினைத்துத்தான் மேரியன் கத்தோலிக் பள்ளியைத் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். புனிதர்களின் பேறுபலன் மற்றவர்களுக்கும் உதவும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கொள்கை. தாம் செய்த புண்ணியத்தை இறந்தவர்களுக்கு அளிக்கிற வழக்கம் இலங்கைப் பௌத்தர்களிடம் இன்றும் உண்டு. வினைக்கணக்கு ஆளாளுக்குத் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்று கறாராக நிற்காத மரபுகள் இவை.

இந்தத் தொடர்ச்சியின் ஓட்டத்தில் நல்லது மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டெக்சாஸில் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே வாத்தியத்தைத் தொடுகிறார்கள். எங்கள் ஊரைப் போன்ற வசதியான புறநகரில் பலருக்குத் தனி ஆசிரியர் வைத்துப் பாடம். ப்ராப்ஸ் செய்யவும் லாரி எடுக்கவும் பெற்றோர் சங்கம் பணம் திரட்டுகிறது. இந்தத் துணைக்காரணங்களை மறந்துவிட்டு 'எங்கள் பிள்ளைகளின் உழைப்பு' என்று பேசுவது எங்கள் கூட்டங்களில் சாதாரணம். வசதி குறைந்த பள்ளிப் பிள்ளையும் அதே வெயிலில் அதே எட்டு மணி நேரம் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் வந்தவர்களிடம் கைமாற்றித் தர இவ்வளவு இருக்கவில்லை.

இந்த வழக்கில் நான் பௌத்தர் பக்கம். நீடிக்கிற சிறப்பு எந்தப் பிள்ளைக்கும் சொந்தமில்லை, இயக்குநருக்கும் இல்லை. வந்தவரிடமிருந்து வாங்கி வருகிறவரிடம் கொடுக்கிற வரைக்கும்தான் அது இருக்கிறது. எந்த நடுவர் தாளிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது, இருக்கவும் கூடாது. கல்லூரி விண்ணப்பத்தில் 'மாநில இறுதிச்சுற்று' என்று எழுதப்போகிற பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அதற்குப் பக்கத்தில், எத்தனை புதுப் பிள்ளைகளுக்கு நடை சொல்லிக்கொடுத்தாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவளுடையது என்று திட்டமாகச் சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அப்பா இதை இன்னும் ஏற்கவில்லை. நீலகேசி மாற்றுச் சமயத்தவள் ஆனாலும், இந்த ஒரு வழக்கில் அவள் பக்கம்தான் என்கிறார்.